வெள்ளிக்கிழமைப் பாட்டு

சென்னை
19.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மேனுஷா எழுதுவது. நான் இங்கே சுகம். நீ, அம்மா, அப்பா எல்லாரும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்குப் பால் எந்தப் பக்கம் பொங்கியது?

கடிதத்தைப் பார்த்துச் சிரிக்காதே. என் போனில் மைக் பழுதாகிவிட்டது. நான் பேசினால் அந்தப் பக்கம் கேட்காது. மெசேஜ் போடலாம்தான். ஆனால் நம் வீட்டில் போன் என்பது பீலிக்கரை மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து குடத்தை வைக்கலாம். உன் போனையும் அப்பா எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேருக்கும் சத்தமாக வாசிப்பார். அதனால்தான் புடவை எடுக்க வந்த உன் முதலாளி தாஸிம் நாநா கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடையிலேயே வாசித்து, கடையிலேயே வைத்துவிடு.

ஒரு உதவி. வெள்ளிக்கிழமை ஏழு மணி பூசைக்கு நான் இங்கிருந்து போனில் பாட, அப்பா அதைக் கோயில் மைக்கில் பிடிக்க, தேயிலைத் தோட்டம் முழுக்கக் கேட்குமே, அது கொஞ்ச நாளைக்கு நிற்கட்டும். ஒன்றரை வருஷமாக ஒரு வாரமும் விடாமல் பாடினேன், இந்த இரண்டு வெள்ளியாகத்தான் இல்லை. அப்பாவுக்கு நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

மற்றபடி கொலிஜில் பாட்டுச் சாதகம் நன்றாகப் போகிறது. நாட்கள் போவதே தெரியவில்லை. பொங்கலுக்கு முந்திய வாரம் செவ்வாய்க்கிழமை காஞ்சிபுரம் போய் வந்தேன். விடிந்ததும் ரயில் ஏறினேன். கோயிலுக்குள் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. வெளியே வந்து, நின்ற பஸ்ஸில் ஏறி, பெயர் தெரியாத ஓர் ஊரில் இறங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். டீயா அது! அப்பா ஸ்டோர் மெஷினில் அரைத்துக் கொட்டும் தேயிலையை இவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை பழவேற்காடு. பெரிய ஏரி, நிறையப் படகு. ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏறாமல் கரையோரமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அங்கே பனி அதிகம் என்று கேள்வி. அம்மாவைக் காதை மூடிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போகச் சொல்.

உன் தங்கை
மேனுஷா


பதுளை
05.02.2025

அன்புத் தங்கச்சி மேனுவுக்கு,

துவாரகா எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் கடவுள் புண்ணியத்தில் நலம். உன் நலத்தை நீ எழுதியிருக்கிறாய், நான் நம்பவில்லை. அதைப் பற்றிப் பிறகு.

முதலில் அப்பா கதை. போன் பழுது என்று சொன்னேன். உன் கடிதம் வரும் முன்னமே பாட்டில்லாத இரண்டு வெள்ளியைப் பொறுத்திருந்தார். பீலிக்கரையில் யாரோ, "என்ன தங்கராஜா, மெட்ராஸ் போனதும் புள்ளைக்கு நம்ம சாமி மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். மூன்றாவது வெள்ளி ஏழு மணிக்கு உன் குரல் ஸ்பீக்கரில் கணீர் என்று கேட்கிறது! நானே ஏமாந்துபோனேன். ஓடிப்போய்ப் பார்த்தால், நீ எப்போதோ பாடி அனுப்பிய பழைய பதிவை ஓட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். முடிந்ததும் வெறும் போனில், "சரிம்மா, நல்லா சாப்பிடு, வச்சிர்றேன்" என்று வேறு சொல்கிறார்.

அடுத்த வாரமும் அதே பதிவு. நடுவில் நீ ஒரு இருமல் இருமுவாய், ஞாபகமா? இரண்டு வாரமும் அதே இடத்தில் இருமினாய். கீழ் லயத்து வீட்டு ஆட்கள், "மெட்ராஸ்லயும் குளிரா? புள்ள இருமிக்கிட்டே இருக்கே" என்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் போனால் எல்லாருக்கும் விளங்கிவிடும்.

இது சிரிப்பு. இனி வருவது சிரிப்பில்லை. வைகாசித் திருவிழாவில் நீ நேரில் வந்து பாடப்போகிறாய் என்று கோயில் கமிட்டித் தலைவர் அழகரிடம் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ஹாலிஎலயில் இருந்து பெரிய ஸ்பீக்கர் செட் பேசியாகிவிட்டது. அப்பா ஸ்டோரில் வேலை செய்கிறாரோ இல்லையோ, அங்கே இதைத்தான் பேசுகிறாராம்.

இப்போது சொல். செவ்வாய் காஞ்சிபுரம், வியாழன் பழவேற்காடு. உங்கள் கொலிஜில் பாடம் நடப்பது ஞாயிற்றுக்கிழமைகளிலா? நாநா சொன்னார், ஹொஸ்டல் வாசலில் நீ ஒரு வார்த்தை பேசவில்லையாம், தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சிரித்தாயாம். பழுதானது எது, போனா?

அம்மா அரைத்த சம்பல்தூள் வைத்திருக்கிறேன். பதில் வேண்டும்.

அக்கா
துவாரகா


சென்னை
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இரு. நான் சுகமில்லை.

போன் நன்றாகத்தான் இருக்கிறது. என் தொண்டைதான் போய்விட்டது. மார்கழியில் காய்ச்சலோடு சாதகம் செய்தேன். டீச்சர் போதும் என்ற பிறகும் மொட்டை மாடியில் போய் மேல் ஸ்தாயியில் பாடிக்கொண்டே இருந்தேன். எல்லாரையும் விட நான் பின்னால் நிற்கிறேன் என்று ஒரு பயம். ஒரு காலையில் வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது.

டாக்டர் மெல்லிய கேமராவை உள்ளே விட்டு, டீவியில் காட்டினார். இரண்டு வெள்ளை மடிப்பு. இரண்டிலும் ஒரு சின்னத் தடிப்பு. முதல் மாதம் பேச்சே கூடாது, ஏப்ரல் வரை பாட்டுக் கூடாது என்றார். பிறகு பழைய குரல் வருமா என்று எழுதிக் காட்டினேன். "பார்ப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக அலைகிறேன்.

வகுப்பில் உட்கார்ந்து தாளம் போடு என்கிறார் டீச்சர். இரண்டு நாள் போட்டேன். சுற்றிலும் இருபது பேர் வாயைத் திறக்கும்போது நான் மட்டும் தொடையைத் தட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்து ரயிலடிக்குப் போய்விடுகிறேன். சீசன் டிக்கெட் இருக்கிறது. எந்த ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறுவேன். ஓர் ஊருக்குப் போனதும் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் போல் இருக்கும். அரக்கோணம் போனேன், பஸ்ஸில் மகாபலிபுரம் போனேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ரயிலில் ஒரு பூக்கார அம்மா பேச்சுக் கொடுத்தார். "பேச முடியாது" என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குக் காது கேட்காது என்று முடிவு கட்டி, செங்கல்பட்டு வரை என் காதுக்குள் கத்திக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஒரு முழம் மல்லிகையை என் தலையில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "மூஞ்சி லட்சணமா இருக்கு, பாவம், வாய் இல்லாம போச்சே" என்றார். அக்கா, அன்றைக்குத்தான் அழுதேன்.

அப்பாவுக்குத் தெரியக் கூடாது. வைகாசிக்குள் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறேன். வராவிட்டால் என்ன செய்வேன் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. சத்தியம் செய், சொல்லமாட்டாய் என்று.

மேனு


பதுளை
09.03.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதத்தான் முதலில் கை வருகிறது. வீட்டில் எல்லாரும் நலம். யாரிடமும் சொல்லவில்லை. சத்தியம்.

உன் கடிதத்தைக் கடைக்குப் பின்னால் நின்று நாலு தடவை வாசித்தேன். அழுதேன். தேன் குடி, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, வெறும் வயிற்றோடு ரயிலில் சுற்றாதே. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், எழுதாமல் வேறு என்ன செய்வது?

இங்கே நோன்பு மாசம். கடையில் பகலில் ஆளில்லை, பொழுது சாய்ந்ததும் நெரிசல். நாநாவின் மனைவி ஹம்ஸியா ராத்தா எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி வைக்காமல் நோன்பு திறப்பதில்லை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் கடையில் கொஞ்சம் சுணங்கி, ஏழரை பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. ஐந்தாம் நம்பர் மலையில் குளவி கொட்டி மூன்று பேரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நல்லவேளை, அம்மா அன்றைக்கு வேறு மலையில். மேல் லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றுவதாக இந்த வருஷமும் சொல்லியிருக்கிறார்கள். பண்டாரவளையில் உருளைக்கிழங்கு மலிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பற்றி நீ யோசிக்காதே. பூசை ஒழுங்காக நடக்கிறது. அப்பாவும் நிம்மதியாக இருக்கிறார்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா
துவாரகா


சென்னை
13.03.2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

இப்போது மெதுவாகப் பேசலாம். அதனால் இந்த முறை ஹொஸ்டல் வாசலில் நாநாவோடு இரண்டு வார்த்தை பேசினேன். அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "ஒங்க தோட்டத்துப் பொம்புளைங்க கடைக்கு வந்தா ஒன் பேச்சுத்தான் புள்ள. வெள்ளிக்கெழம பாட்டு முந்திய விட நல்லா இருக்காம். மெட்ராஸ்ல படிச்சது இப்பதான் தெரியுதுன்னு சொல்றாங்க."

நான் சிரித்தேன். பார்சலை வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முந்தியை விட நல்லா இருக்காம்!

வேறு யாருக்கு என் குரல் இருக்கிறது? யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உருளைக்கிழங்கு விலை எழுதத் தெரிந்த உனக்கு இதை எழுதத் தெரியவில்லையா? நான் இங்கே ஊமை வேஷம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறேன். அங்கே என் பெயரில் நீ பாடுகிறாய். அப்பா, "நல்லா சாப்பிடும்மா" என்று உன்னிடம் சொல்கிறாரா? அவருக்கு என் குரல் தெரியாதா அக்கா? இருபத்தியொரு வருஷம் கேட்ட குரல்.

நேற்று முழுக்கப் பறக்கும் ரயிலில் கடற்கரையில் இருந்து வேளச்சேரி, வேளச்சேரியில் இருந்து கடற்கரை என்று ஐந்து தடவை போய் வந்தேன். இறங்கவே இல்லை.

நீ நல்லது என்று நினைத்துத்தான் செய்திருப்பாய். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

மேனுஷா


சென்னை
09.04.2025

அன்புள்ள அக்கா,

நீ சுகமா? வருஷப் பிறப்புக்கு எல்லாருக்கும் என் வாழ்த்து.

இந்த முறை நாநா கையில் உன் கடிதம் இல்லை. பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். சம்பல்தூள் இருந்தது, அம்மா பின்னிய தொப்பி இருந்தது, இந்த வெயிலில் தொப்பி! கடிதம் இல்லை. "துவாரகா ஒண்ணும் தரலயே" என்றார் நாநா. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது போல் இருக்கிறது.

நான் எழுதியது அதிகம். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் எழுதியது அதிகம்.

டாக்டரிடம் போனேன். ஒரு தடிப்புக் கரைந்துவிட்டது. மற்றது அப்படியே இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் பாடக் கூடாது, பிறகும் தேவைப்பட்டால் ஒப்பரேஷன். அதாவது வைகாசிக்கு இல்லை அக்கா. இனி அதில் ஒரு சந்தேகமும் இல்லை. கொலிஜில் என்னை நிறுத்தவில்லை, எழுத்துப் பாடங்களை முடி, பாட்டுப் பரீட்சையை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று டீச்சர் பேசி வைத்திருக்கிறார்.

டாக்டரிடம் இருந்து நேரே ரயிலடிக்குத்தான் போனேன். வேடந்தாங்கல் பறவை பார்க்கலாம் என்று இறங்கினால், பறவைகள் போய்விட்டனவாம். திரும்பும்போது பெட்டியில் ஒருவர் சமோசா விற்றார். காலையில் இருந்து கத்துகிறார், தொண்டை கணீரென்று இருக்கிறது. ஒரு மனுஷன் சமோசா விற்பதைப் பார்த்து எனக்குப் பொறாமை.

அப்பாவுக்கு என்ன சொல்வது? தயவுசெய்து எழுது.

மேனு


பதுளை
07.05.2025

அன்பு மேனுவுக்கு,

உன் தொண்டை இப்போது எப்படி? நாங்கள் நலம். போன மாதம் எழுத உட்கார்ந்தேன், மூன்று தாள் கிழித்தேன். நாநா கிளம்பிப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அடுத்த வெள்ளிதான் முதல் தடவை. இன்னும் ஒரு வாரம் அந்த இருமலை ஓட்டினால் அப்பா மானம் போயிருக்கும். நீ புதுப் போன் வாங்கிவிட்டாய் என்று சொல்லி, ஹம்ஸியா ராத்தாவின் போன் நம்பரை அப்பா போனில் "மேனுஷா புதுசு" என்று போட்டுவைத்தேன். கடை மாடியில் துணி பேல் அடுக்கிய அறை. அதற்குள் நின்று பாடினால் எதிரொலியே இல்லை, குரல் சுத்தமாகப் போகும். ராத்தா கீழே மாடிப்படியில் நிற்பார், யாரும் ஏறி வராமல் பார்க்க. நாநா அந்த நேரம் பள்ளிவாசலில் இருப்பார், அவருக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் அப்பா பேசுவார். நான் உன்னை மாதிரி "ம்" என்று மட்டும் சொல்லிக் கட் பண்ணிவிடுவேன். போனில் ராத்தா வைத்திருக்கும் ரோஜாப் படம் வருமாம். "மெட்ராஸ்ல புள்ள ரோஜா வளக்குது போல" என்று அம்மாவிடம் சொல்கிறார்.

உனக்காகத்தான் தொடங்கினேன். மூன்றாவது வாரத்தில் இருந்து எனக்காக. அதை எழுதத்தான் மூன்று தாள் கிழிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ்த்தினப் போட்டிக்கு என்னைப் பண்டாரவளைக்குக் கூட்டிப்போனார்கள். மைக் முன்னால் நின்றதும் மேடையில் இருந்து இறங்கி பஸ் ஸ்டாண்ட் வரை ஓடினேன். அடுத்த வருஷம் உன்னைக் கூட்டிப்போனார்கள், நீ பரிசோடு வந்தாய். அதற்குப் பிறகு வீட்டில் பாடுகிற பிள்ளை நீ, கடைக்குப் போகிற பிள்ளை நான். உன்மேல் குறை சொல்லவில்லை. ஓடியது நான்தான். ஆனால் அந்தத் துணி அறையில் எனக்கு ஓடத் தோன்றவில்லை மேனு. வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று திங்கட்கிழமையே நினைக்கிறேன்.

சரி. நோட்டீஸ் அடித்தாயிற்று. மே 24, சனிக்கிழமை மாலை, "சென்னையில் இசை பயிலும் எமது தோட்டத்தின் புதல்வி, செல்வி த. மேனுஷாவின் பக்திப் பாடல்கள்". ஹாலிஎல பஸ் ஸ்டாண்டில்கூட ஒட்டியிருக்கிறார்கள். அப்பா ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். நீ வா. மேடையில் நின்று வாயை மட்டும் அசை. கோயிலுக்குப் பின்னால் சாமான் அறை இருக்கிறதே, அங்கே ஒரு மைக் வைத்து நான் பாடுகிறேன். நம் இரண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அப்பாவும் சந்தோஷப்படுவார், உன் பெயரும் கெடாது, நானும் யார் கண்ணிலும் படாமல் பாடுவேன். சரி என்றால் ஒரு வரி எழுதி நாநாவிடம் கொடு.

அக்கா


சென்னை
11.05.2025

அப்பா, இதைத் தனியாக வாசிக்கவும்.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இளைய மகள் மேனுஷா வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

என் குரல் போய்விட்டது அப்பா. மார்கழியில் போனது. வைத்தியம் நடக்கிறது, பேசுகிறேன், பாட முடியாது. திரும்ப வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. உங்களுக்குச் சொல்லப் பயந்து ஐந்து மாதம் ஒளித்தேன். மாசி மாதத்தில் இருந்து வெள்ளிக்கிழமை நீங்கள் மைக்கில் பிடித்த குரல் என்னுடையது இல்லை. அது அக்கா. பதுளைக் கடையில் இருந்து பாடினாள், உங்கள் மானத்தைக் காப்பாற்ற.

திருவிழாவில் நின்று வாயசைக்க என்னால் முடியாது. நான் வரவில்லை. அக்காவைப் பாடச் சொல்லுங்கள். அவளை ஏசாதீர்கள். ஏசுவதானால் என்னை ஏசுங்கள், போன் போட்டால் இப்போது எடுப்பேன்.

உங்கள் மகள்
மேனுஷா


பதுளை
01.06.2025

மேனுஷாவுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரியும், அது போதும். நாநா ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்துதான் வருவார். அதுவரை பொறுக்க முடியாமல் முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறேன்.

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நான் கேட்டது ஒரு வரி பதில். நீ நாநாவைக் கடிதத்தோடு நேரே அப்பாவிடம் அனுப்பி, என் பெயரைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டாய்.

"தனியாக வாசிக்கவும்" என்று எழுதினாயே, அதையும் சேர்த்துத்தான் அவர் சத்தமாக வாசித்தார். கோயிலில் கமிட்டிக் கூட்டம். திருவிழாவுக்கு நீ வரும் தேதி எழுதியிருப்பாய் என்று நினைத்து, எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். அந்த வேகத்தில் "என் குரல் போய்விட்டது அப்பா" என்பதையும் படித்துவிட்டார். வாய் படித்துவிட்டது, மூளைக்கு அது பிறகுதான் போனது. மீதியை மனசுக்குள் வாசித்தார். ஆனால் "அது அக்கா" என்ற இடத்தில், "துவாரகாவா?" என்று கேட்டுவிட்டார், எல்லாருக்கும் கேட்கும்படி.

முதலில் அழகர் தலைவர்தான், "அப்ப பாடினது நம்ம வீட்டுலயே இருக்கிற புள்ளையா? இதுக்கு எதுக்குப்பா மெட்ராஸ் வரைக்கும் போன் பண்ணோம்?" என்றாராம். ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதி இருந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் மடியில் வைத்து, ஒவ்வொன்றிலும் மேனுஷாவை வெட்டி துவாரகா என்று பேனாவால் எழுதினார். அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டு, ஹாலிஎல பஸ் ஸ்டாண்டில் ஒட்டியதையும் போய்த் திருத்திவிட்டு வந்தார். வந்து, "த. மட்டும் மாத்தத் தேவப்படல" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

திருவிழாக் கதை. மேடை ஏறினேன். முன்னால் லயத்து ஆட்கள் அத்தனை பேரும். மைக்கைப் பார்த்தேன். இறங்கி ஓடினேன் மேனு. இருபத்தாறு வயதில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் ஓடினேன். அம்மா பின்னாலேயே வந்தார். தடவிக் கொடுப்பார் என்று நினைத்தேன். "இன்னக்கி காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு ஒனக்கு இந்தப் புடவைய மடிப்புக் கட்டினேன். நான் முழங்கால் வலியோட மேட்டுல ஏறி வந்திருக்கேன். போய்ப் பாடு, இல்லாட்டி புடவையக் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார். நம் அம்மா மீனாம்பாள்தான், வாயே திறக்காத அம்மா.

போனேன். முதல் பாட்டு மோசம். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது பாட்டில் என் முன்னால் யாரும் இருந்த மாதிரியே தெரியவில்லை. ஐந்து பாட்டுப் பாடினேன். ஆறாவது கேட்டார்கள்.

உனக்குப் பொய் எழுதமாட்டேன். உன்னை ஒருவரும் கேட்கவில்லை. சனங்கள் அப்படித்தான், முன்னால் நிற்பவளைக் கைதட்டுவார்கள். சாமி ஊர்வலம் புறப்பட்டுப் போன பிறகு அப்பா ஒருவர்தான் என் பக்கத்தில் வந்து நின்று, "நல்லா பாடினம்மா" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "அவ எப்பம்மா பாடுவா?" என்று கேட்டார். அதை நீதான் சொல்ல வேண்டும்.

மாமா மகன் ஜனுஷன் வீடியோ எடுத்திருக்கிறான். உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம்.

துவாரகா


சென்னை
15.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம் என்று நினைக்கிறேன். என் சுகம் பாதி. பேச்சு வந்துவிட்டது, பாட்டு வரவில்லை.

உன்னைக் கேட்காமல் எழுதியது தப்பு. மன்னித்துவிடு. கேட்டிருந்தால் நீ சரி என்று சொல்லியிருக்கமாட்டாய், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போடவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேன்" என்றேன். என் குரலைக் கேட்டு அழுதார் என்று நினைக்கிறேன். லைன் மோசம், சரியாகத் தெரியவில்லை.

வீடியோவைத் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு பார்த்தேன். முதல் பாட்டு நீ சொன்ன மாதிரி மோசம்தான். சுருதி ஏறிக்கொண்டே போகிறது, நீ அதன் பின்னால் ஓடுகிறாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். இரண்டாவது பாட்டில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. மூன்றாவதில் மேலே போய் அப்படியே நிற்கிறாயே, அந்த இடம் எனக்கு ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. அந்த இடத்துக்காகத்தான் மொட்டை மாடியில் நின்று என் தொண்டையைக் கெடுத்துக்கொண்டேன். போனை அணைத்துவிட்டு வந்த ரயிலில் ஏறினேன். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

மறுநாள் டீச்சரிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. "யாரும்மா இது?" என்றார். "எங்க அக்கா" என்றேன். "இவங்கள ஏன் அனுப்பல?" என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். அதற்குத் தொண்டை காரணம் இல்லை.

அக்கா, நீ நன்றாகப் பாடினாய். எனக்கு வயிறு எரிகிறது. இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதிவிட்டேன்.

அப்பா கேட்டதற்குப் பதில்: அக்டோபரில் டாக்டர் மறுபடி பார்ப்பார், அதுவரை எனக்கும் தெரியாது என்று சொல். அதுவரை வெள்ளிக்கிழமை நீ பாடு, உன் பெயரில், கோயிலிலேயே நின்று. குரல் வந்தால் நான் ஊருக்கு வந்து மைக்கைக் கேட்பேன். விட்டுக்கொடுத்துவிடாதே. தங்கச்சி பாவம் என்று விட்டுக்கொடுத்தாயானால் உன்னோடு பேசவே மாட்டேன், இந்த முறை வேண்டுமென்றே.

உன் தங்கை
மேனுஷா